சுடாதும்மா

அம்மாவின் இடது புறங்காலில், பெருவிரலுக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அது என்னால் வந்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு பாளையங்கோட்டைக்குப் போனில் சொன்ன இரண்டு வாக்கியங்களால் வந்தது. ஒன்று, "சுடாதும்மா." இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ரெட் லைட் பைத்தியம் பிடித்தது முடி கொட்ட ஆரம்பித்தபோது. (சிவப்பு விளக்கு என்று எழுதினால் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. அதனால் ரெட் லைட்டே இருக்கட்டும்.) 28 வயதில் நெற்றி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரவு பதினொரு மணிக்கு ரீல்ஸ் பார்ப்பவனின் பலவீனம் எல்லாம் அந்தச் செயலிக்குத் தெரியும். யாரோ ஒருவர் சிவப்பாக ஒளிரும் பலகை முன்னால் கண்ணை மூடி நிற்கிறார், மூன்று மாதத்தில் முடி வருகிறது, முகம் பளபளக்கிறது, தூக்கம் வருகிறது. ஒரு மாத வாடகையில் பாதியைக் கொடுத்து அந்தப் பலகையை வாங்கினேன்.

வந்த அன்றே திருப்பி அனுப்பப் பார்த்தேன். போட்டவுடன் பாதி பல்புகள்தான் எரிந்தன. மீதி எரிகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மங்கல். புகார் அனுப்ப போட்டோ எடுக்கப்போனால், போன் திரையில் அந்தப் பல்புகள் எல்லாம் வெளிர் ஊதாவாக எரிகின்றன. அவை 850 நானோமீட்டர் அகச்சிவப்பு. என் கண்ணுக்கு எட்டாததை கேமரா பார்த்துவிட்டது. டிவி ரிமோட்டின் முனையைப் போன் கேமராவில் பார்த்தாலும் பல போன்களில் இப்படித்தான் மினுக்கும். அந்த நிமிடத்தில் விழுந்தேன். அதற்குப் பிறகு வாங்கியதை நியாயப்படுத்தவாவது படிக்க வேண்டியிருந்தது.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் அதிகம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது. 1967 வாக்கில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முதுகு மழித்த சுண்டெலிகள் மேல் குறைந்த திறன் ரூபி லேசரைப் பாய்ச்சினார். லேசர் பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது. முடி கொட்டுகிறவன் இதைப் படித்தால் என்ன ஆவான் என்று சொல்ல வேண்டியதில்லை. எலிகளின் முடி வழுக்கையால் போகவில்லை, மழித்ததால் போனது என்ற சின்ன விஷயம் எனக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது.

ஆனால் மெஸ்டர் தொடங்கி வைத்தது வெறும் கதை இல்லை. 630 முதல் 660 நானோமீட்டர் சிவப்பும், 810 முதல் 850 வரையிலான அண்மை அகச்சிவப்பும் தோலுக்குள் நுழைகின்றன. இரண்டாவது இன்னும் சற்று ஆழமாக. உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி அந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் உயிரணுவின் சக்தி உற்பத்தி கூடுகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்குச் சூடு தேவையில்லை. எவ்வளவு ஒளி என்பதுதான் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் வீதம் பத்து நிமிடம் காட்டினால் 6 ஜூல். அளவு குறைந்தால் பயன் இல்லை, கூடினாலும் பயன் போய்விடும்.

இதில் உறுதியாக நிற்கும் இடமும் ஒன்று உண்டு. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு வாய் முழுக்கப் புண் வரும், தண்ணீர்கூட இறங்காது. அதை முன்கூட்டியே தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன. ரீல்ஸில் அந்த நோயாளிகள் யாரும் வருவதில்லை. முடிக்கு 2007இலேயே அமெரிக்காவில் லேசர் சீப்பு ஒன்றுக்கு விற்பனை அனுமதி கிடைத்தது. அங்கே இப்படிப்பட்ட கருவிகளுக்குக் கிடைக்கும் அனுமதி பெரும்பாலும், ஏற்கெனவே சந்தையில் இருப்பதற்கு இது ஈடானது என்பதற்குத் தரப்படுவது. புதிய மருந்து ஒன்று தன்னை நிரூபித்துக்கொண்டு வாங்கும் அனுமதி வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். என் தலையைப் பற்றிக் கேட்டால், நெற்றி இப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதையெல்லாம் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருந்த காலத்தில்தான் அம்மாவின் முட்டுவலி அதிகமானது.

அம்மா தையற்காரி. முப்பது வருடம் கால்மிதி மெஷின். எங்கள் பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த மிதியில் வந்ததுதான். பதினான்கு வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாகச் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலு எட்டு நடந்து போய்விட்டுத் திரும்பி வருவாள். அதை நாங்கள் வீட்டில் வேடிக்கையாகப் பேசிச் சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால் வயிறு கலங்குகிறது.

என்னிடம் இருப்பதைப் போலவே ஒன்று அம்மாவுக்கு அனுப்பத்தான் நினைத்தேன். விலை பார்த்தேன். கீழேயே இன்னொன்று, 'ரெட் லைட் இன்ஃப்ராரெட் தெரபி, மூட்டுவலிக்கு', 1,300 ரூபாய். இதுவும் சிவப்பு, அதுவும் சிவப்பு. எல்லா வார்த்தைகளையும் ஒரே தலைப்பில் அடுக்கியிருந்தார்கள். ஆர்டர் போட்டுவிட்டேன்.

அது 150 வாட் இழை பல்பு. பிசியோதெரபி அறைகளில் வெகுகாலமாக இருக்கும் அதே சாதனம். அது இழுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பக் கதிராக வெளியே வருகிறது. சிவப்பு என்பது கண்ணாடியின் நிறம், கண் கூசாமலிருக்க. என் பலகை குறிப்பிட்ட இரண்டு அலைநீளங்களை மட்டும் அனுப்பியது. கை வைத்தால் இளஞ்சூடுகூட இல்லை. இந்த பல்பு செய்வது ஒத்தடம். இதமும் ரத்த ஓட்டமும் கொஞ்ச நேரத்துக்கு வலி குறைவும் நிஜம்தான், ஆனால் அது சூட்டின் வேலை.

கூரியர் வந்த அன்று அம்மா போன் பண்ணினாள்.

"ஏல, பல்பு மாதிரிலா இருக்கு. சுடாதா?"

"சுடாதும்மா. வெறும் லைட்டுதான். தைரியமா காட்டு."

நான் படித்தது பலகையைப் பற்றி. அம்மா கையில் இருந்தது பல்பு.

நாலு நாள் கழித்து மறுபடி போன். "முட்டுக்கு நல்லா எதமா இருக்குல. காலு மரத்துப் போவுதுன்னு காலுக்கும் காட்டுனேன். அங்க ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு."

நான் லேப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். "கிட்ட வச்சுப் பாரும்மா."

அதுதான் இரண்டாவது வாக்கியம்.

வலித்து அவள் கண்டுபிடிக்கவில்லை. படுக்கை விரிப்பில் ஈரக் கறை இருப்பதைப் பக்கத்து வீட்டு அத்தைதான் பார்த்தாள். கொப்புளம் எழும்பி, உடைந்து, ஒட்டிக் காய்ந்து, மறுபடி உடைந்திருந்தது. நான் ராத்திரி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மா என்னைத்தான் சமாதானப்படுத்தினாள். "வலிக்கவே இல்லைல, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

வலிக்கவே இல்லை என்பதுதான் நோய் என்று டாக்டர் சொன்னார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். தொடும்போது சொல்லணும். டாக்டர் ஐந்தாறு இடம் தொட்டு முடித்த பிறகு அம்மா கேட்டாள், "எப்ப ஆரம்பிப்பீங்க சார்?" நூல் தடிமனைக் கண்ணால் பார்க்காமல் விரலில் உருட்டியே நம்பர் சொல்லும் மனுஷி.

அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விளக்கைப் போடும் முன் இரண்டு சோதனைக் குழாய்களில் சுடுநீரும் குளிர்ந்த நீரும் எடுத்து நோயாளியின் தோலில் வைத்து, எது எது என்று சொல்லத் தெரிகிறதா பார்ப்பார்களாம். தெரியாவிட்டால் அங்கே விளக்கு கிடையாது. தெரிந்தாலும் அரை மீட்டர் தள்ளித்தான், பதினைந்து இருபது நிமிடம்தான், நடுவில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "இதமா இருக்குன்னா சரி, சுடுதுன்னா தள்ளி வைப்போம். மீட்டர் எல்லாம் கெடையாது தம்பி. பேஷண்ட் சொல்றதுதான் மீட்டர்."

அம்மாவின் காலில் அந்த மீட்டர் செத்துப் போயிருந்தது. முட்டு சூடு சொன்னது, கால் சொல்லவில்லை. அதனால்தான் கிட்டே வைத்தாள். சூடில்லாத ஒளிக்கு அளவு ஜூலில், கடிகாரத்தை வைத்து. ஒத்தடத்துக்கு அளவு நோயாளியின் தோல். ஒன்றின் விதியை இன்னொன்றுக்கு நான் போனில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஆச்சி தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். முடிச்சை முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சூடு அவள் கை வழியாகத்தான் மற்றவர் உடம்புக்குப் போகும். 1,300 ரூபாய் பல்புக்கு அந்தக் கை இல்லை.

பிறகு ஒரு நாள் தேடிப் படித்தேன். சர்க்கரை நோயாளிகளின் கால் மரப்புக்கென்றே அகச்சிவப்புக் கருவி விற்கப்பட்டிருக்கிறது. 2008இல் வெளியான ஒரு ஆய்வில் சிலருக்கு நிஜக் கருவியும் சிலருக்கு ஒப்புக்கு ஒரு கருவியும் கொடுத்து மூன்று மாதம் வீட்டில் பயன்படுத்த வைத்தார்கள். உணர்ச்சி திரும்புவதில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆர்டர் போடும் முன் தேடியிருந்தால் பத்து நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. சர்க்கரைக் காலில் புண் ஆறியதே பெரிய விஷயம் என்றார் டாக்டர். அம்மா இப்போது தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறாள். முட்டுக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. அலுப்பாக இருக்கிறது, ஆனால் படி ஏற முடிகிறது என்கிறாள்.

பலகையை விற்றுவிட்டேன். அந்த பல்பை உடைத்துப் போடலாம் என்று பொங்கலுக்குப் போனபோது தேடினேன், காணோம்.

"அத கோழிக்குஞ்சுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டுப் பின்கட்டில், அட்டைப்பெட்டிக்கு மேலே ஒரு கயிற்றில் அது தொங்கியது. அத்தை கயிற்றைத் தளர்த்தி பல்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். நடுவில் குவிந்திருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து ஓரத்துக்கு நகர்ந்தன. "பாத்தியா, காயுதுங்குது" என்றபடி அத்தை கயிற்றை மறுபடி மேலே இழுத்துக் கட்டினாள்.