செட்டிநாட்டில் ஒரு ஜாகை

உபாத்தியாயர் வீட்டில் விடுமுறைக்குக் குறைவில்லை, குறைவெல்லாம் பணத்துக்குத்தான். பள்ளிக்கூடத்தைப் பூட்டும்போதெல்லாம் நமது குழந்தைகள், "அப்பா, இந்தத் தடவை எங்கே?" என்று கேட்பார்கள். நாமும் நாட்காட்டியையும் பணப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்த லீவில் பார்க்கலாம்" என்று சொல்லி வந்தோம். சென்ற அரைப் பரீட்சை விடுமுறையில் அந்தப் பதில் செல்லவில்லை. நான்கு நாள் செட்டிநாட்டுக்குப் போவது என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

திருச்சிவாசிகளாகிய நமக்குக் காரைக்குடி தூர தேசம் அன்று. சுமார் 90 கிலோமீட்டர்தான். ரயிலில் ஏறினால் புதுக்கோட்டை, திருமயம், செட்டிநாடு என்று ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போய் இறங்கிவிடலாம். ரயில் சார்ஜும் சொற்பம். ஜாகை எங்கே என்பதுதான் கேள்வி.

முதல் யோசனை நமது புதல்வனுடையது. அவன் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் இருக்கிறான். "கூடாரம் அடித்துத் தங்கலாம், அப்பா! வாடகையே கிடையாது" என்றான். யோசனையைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. ஏனெனில், வெளியில் தங்கி யாத்திரை செய்வது செட்டிநாட்டாருக்குப் புதிதல்ல. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடந்தே போகின்றன; நடந்தே திரும்பியும் வருகின்றன. வழியெல்லாம் சத்திரங்களிலும் தோப்புகளிலும் தங்கல். ஆனால் அங்கே பாத்திரம் பண்டம் சுமக்கவும் சமைக்கவும் ஒரு சமூகமே உடன் செல்கிறது. நாங்களோ ஐந்து பேர். ஐவரில் ஒருவர் எழுபது வயதான நமது தாயார். மார்கழிப் பனியில் அவரைக் கூடாரத்தில் படுக்க வைக்க நமக்குத் தைரியம் வரவில்லை.

"காசியிலும் ராமேசுவரத்திலும் யாத்திரிகர்களுக்கு விடுதி கட்டியவர்களின் ஊர் அது. அங்கேயா நமக்கு இடம் கிடைக்காமல் போய்விடும்?" என்று தாயாரே சமாதானம் சொன்னார்.

விசாரித்ததில் நான்கு வகை ஜாகைகள் தெரிய வந்தன. பழைய மாளிகைகளில் சிலவற்றை இப்போது ஹோட்டல்களாக்கியிருக்கிறார்கள். பார்க்க வெகு அழகு. ஆனால் அங்கே ஓர் இரவு படுத்துத் தூங்கும் பணத்தில் நமது வீட்டுக்கு ஒரு மாத மளிகை வாங்கிவிடலாம். இரண்டாவது, காரைக்குடி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகள். வாடகை குறைவு, ஹாரன் சத்தம் இலவசம். மூன்றாவது, பிள்ளையார்பட்டியில் யாத்திரிகர்களுக்கென்று உள்ள விடுதிகள். ஓர் இரவு தங்கித் தரிசனம் செய்ய உத்தமம். நான்கு நாள் குடும்பம் நடத்தத் தோதுப்படாது. நான்காவது, பழைய வீடு ஒன்றின் பின்கட்டில் இரண்டு அறைகளும் அடுப்படியும். வாடகை லாட்ஜைவிடச் சற்றே அதிகம். ஆனாலும் வீட்டிலேயே சமைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு நான்கு நாள் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவு மிச்சம்! நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் போட்டு, வெற்றி வீரரைப்போல் நமது இல்லாளிடம் நீட்டினோம்.

அவள் நிதானமாகப் படித்தாள். "கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இங்கே ஓர் அடுப்பு, அங்கே ஓர் அடுப்பு. உங்களுக்கு லீவு, குழந்தைகளுக்கு லீவு. எனக்கு எப்போது?" என்றாள்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் நமக்கு இதற்கு விடை தெரியவில்லை. நாம் மிச்சம் என்று எழுதியிருந்த தொகை முழுவதும் அவளுடைய நான்கு நாள் உழைப்பு. அதற்கு நோட்டில் ஒரு பத்தியே இல்லை.

அன்றிரவு கணக்கைத் திருத்தினோம். ஜாகை அதே பின்கட்டுதான். காலைப் பலகாரம் இட்லிக் கடையில். பகல் சாப்பாடு போகிற இடத்து மெஸ்ஸில். இரவுச் சமையல் நாமும் நமது புதல்வனும். இல்லாள் அடுப்படிக்குள் நுழையக்கூடாது என்பது நிபந்தனை. மிச்சத் தொகை பாதியாகக் குறைந்தது. ஆனாலும் நமது சக்திக்கு உட்பட்டே இருந்தது.

வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரையில் நீண்டு கிடந்தது. திண்ணை, வளவு, முற்றம், இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கனமான சுவர்களுக்குள் உச்சி வெயிலிலும் குளுமை. முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். அறைகளில் வரிசையாகப் பூட்டுகள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, "பங்காளிகள் எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள், தம்பி. கல்யாணம், படைப்பு என்றால்தான் வந்து திறப்பார்கள்" என்றார். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து தேடிய செல்வத்தில் எழுந்த வீடுகள் இவை. 1942ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, அங்கே அவர்களுடைய நிலமும் முதலும் சிக்கிக்கொண்டன. வீடுகள் மட்டும் நின்றுவிட்டன.

பார்த்தவற்றில் பெரும்பாலானவை டவுன் பஸ்ஸில் போய் வரக்கூடியவையே. காரைக்குடி–திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடி முருகனும் பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகரும் ஒரே காலைப் பொழுதில் தரிசனம் தந்தார்கள். ஆத்தங்குடியில் தரைக் கற்கள் செய்வதைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். கண்ணாடித் தட்டின்மேல் வர்ணச் சாந்தை ஊற்றிப் பூவேலை செய்கிறார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் ஏறிவிடுகிறது.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தையும் பார்த்தோம். அங்கே பக்கத்துக் கிராமமான கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. வந்து தங்கும் விருந்தாளியை உபசரிப்பது எப்படி என்பதை அந்தக் கிராமத்தாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி நமது சமையலைப் பற்றி. முதல் நாள் ரசத்தில் உப்பில்லை. இரண்டாம் நாள் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுப்படி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற இல்லாள், கை துறுதுறுக்க உள்ளே வரப் பார்த்தாள். ஆச்சி அவள் கையைப் பிடித்துத் திண்ணைக்கு அழைத்துப் போய்விட்டார். "எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அண்டா அண்டாவாக ஆண்பிள்ளைகள்தானே சமைக்கிறார்கள்? தம்பி நாலு பேருக்குச் சமைத்தால் என்ன குறைந்துவிடும்? நீ உட்கார், ஆத்தா" என்று அவர் சொல்வது நமது காதில் விழுந்தது. மூன்றாம் நாள் ரசம் ரசமாகவே இருந்தது. அன்று இரவு வெகு நேரம் வரையில் திண்ணையில் இல்லாளின் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நமது வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்து, சற்று வெட்கப்பட்டோம்.

சிக்கனமாகப் புறப்பட நினைக்கும் நேயர்களுக்கு நமது அநுபவத்திலிருந்து சில வார்த்தை. மழை குறைந்த சீமை இது. ஆகையால் முன்பணம் கொடுக்குமுன் தண்ணீர் எந்நேரமும் வருமா என்று கேளுங்கள். பழைய வீடுகளுக்கு வாசற்படி உயரம். முதியவர்கள் ஏறி இறங்க முடியுமா என்று பாருங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று விசாரியுங்கள். ஒதுக்குப்புறத்தில் வாடகையில் மிஞ்சுவது ஆட்டோவுக்குப் போய்விடும். அடுப்பு உள்ள ஜாகையானால், அதில் யார் சமைப்பது என்பதைப் புறப்படுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

திரும்பும்போது ரயிலில் நமது புதல்வி, "அம்மா, அடுத்த லீவுக்கு எங்கே?" என்று கேட்டாள். இந்தத் தடவை நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தை இல்லாளிடம் கொடுத்துவிட்டோம்.