ஈயக்குட்டை சொல்லும் பாடம்

ஈப்போவிலிருந்து பத்து காஜா போகும் வட்டாரத்தில் குட்டைகள் ஏராளம். ஈயம் தோண்டிய பள்ளங்கள் அவை. 1985-இல் ஈய விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் பல மூடப்பட்டன. இன்று இக்குட்டைகள் சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள்.

குட்டையின் பச்சை நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைந்திருக்கும். அவையே மீன்குஞ்சுக்கு முதல் இரை. வீட்டுத் தொட்டியின் தெளிந்த நீரில் அவை அரிது. புதிதாகச் சண்டை மீன் வளர்ப்போர் முட்டையைக் காப்பாற்றியும் குஞ்சுகளைப் பசிக்குப் பறிகொடுப்பது இதனால்தான்.

ஆகவே வாசகர்களே, சோடி சேர்க்க ஒரு வாரத்துக்கு முன்பே குளத்து நீரைத் துணியில் வடித்து, காய்ந்த வாழையிலையை அதில் ஊறவையுங்கள். முட்டையிட்டதும் பெண் மீனை அகற்றிவிடுங்கள். நுரைக்கூட்டை ஆண் மீன் காக்கும். ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் நேராக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட்டு, ஊறிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். குட்டை செய்யும் வேலையைத் தொட்டியும் செய்யும்.