கேஸ் எங்க போச்சு?

1/
கார் ஏசி பத்தி ஒரு டாக்டர் எதுக்கு எழுதணும்னு கேக்கலாம். ஒரு மெக்கானிக் என்கிட்ட கேட்ட ஒரே ஒரு கேள்வி, என் ஓபியில நான் கேக்க மறந்த கேள்வியா இருந்துச்சு. அதனாலதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
என்னோடது 2014 மாடல் சின்ன கார். போன மே மாசம் அம்மாவைக் கண் ஆபரேஷன் செக்கப்புக்காக வேலூர்ல இருந்து சென்னைக்குக் கூட்டிட்டுப் போனேன். 68 வயசு. சுகர், பிபி ரெண்டும் உண்டு. கண்ணுல தூசி படக்கூடாதுன்னு கண்ணாடியை முழுசா ஏத்தி விட்டிருந்தோம்.

3/
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிராஃபிக்ல நின்னப்போ ஏசியில இருந்து அனல் வந்துச்சு. பத்து நிமிஷத்துல அம்மா, "தலை சுத்துதும்மா"ன்னாங்க. உடம்பெல்லாம் வேர்வை. ஓரமா நிறுத்தி, நிழல்ல உக்கார வெச்சு, சுகர் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு. வெறும் வெக்கைதான். ஈரத்துணியால துடைச்சுவிட்டு, தண்ணி குடுத்து, அரைமணி நேரத்துல தேறிட்டாங்க. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கல.

4/
ஏன்னா அந்த ஏசிக்கு மார்ச்ல ஒரு தடவை, ஏப்ரல்ல ஒரு தடவைன்னு ஏற்கனவே ரெண்டு தடவை கேஸ் போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் 1,800 ரூபா. "கேஸ் கம்மியா இருக்கு மேடம், போட்டா சரியாயிடும்"னாங்க. மூணு நாலு வாரம் ஜில்லுன்னு இருக்கும், அப்புறம் பழைய கதை. நானும் எதுவும் கேக்கல. வேலை முடிஞ்சா போதும்னு காசைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

5/
மூணாவது தடவை, எங்க ஊர்ல வயசான ஒரு ஏசி மெக்கானிக்கிட்ட போனேன். தகரக் கொட்டகை, ரெண்டு பையன்கள், அவ்வளவுதான் கடை. "அண்ணா, கேஸ் போட்டு விடுங்க"ன்னேன்.
"போன தடவை போட்ட கேஸ் எங்க போச்சு டாக்டரம்மா?"
"தீர்ந்துபோச்சுண்ணா."
"அது என்ன பெட்ரோலா, தீர்றதுக்கு?"

6/
இதுதான் விஷயம். ஏசி கேஸ் எரிபொருள் இல்ல, செலவாகாது. ஊசி போடுறதுக்கு முன்னாடி கையில ஸ்பிரிட் தடவினா ஜில்லுன்னு இருக்குமே, ஏன்? ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலோட சூட்டை எடுத்துட்டுப் போகுது. கார் ஏசியும் அதே வேலையைத்தான் செய்யுது. ஸ்பிரிட் காத்துல போயிடும், இங்க அதே கேஸ் மூடின குழாய்க்குள்ளயே திரும்பத் திரும்பச் சுத்தும்.

7/
நம்ம ஊர்ல பெரும்பாலான கார்கள்ல இருக்கிறது ஆர்-134ஏ. சாதாரண காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கிற எவாப்ரேட்டர்ல அது ஆவியாகி உள்ள இருக்கிற சூட்டை வாங்கிக்கும். கம்ப்ரஸர் அதை அழுத்தி முன்னாடி தள்ளும். ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற கண்டன்ஸர்ல அந்தச் சூட்டை வெளியில விட்டுட்டு மறுபடி திரவமாகும். ரத்த ஓட்டம் மாதிரியே ஒரு மூடின சுத்து.

8/
ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கேஸ் குறையலாம், அது சகஜம். ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை காலியானா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம கேஸ் போடுறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலைதான்.

9/
அவர் உடனே பானட்டைத் திறக்கல. முதல்ல கேள்வி கேட்டார். எங்க பேராசிரியர்கள் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க. அந்தக் கேள்விகளை நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க:

"காத்தே கம்மியா வருதா, காத்து நல்லா வந்தும் குளிர் இல்லையா?"
காத்தே கம்மின்னா முதல்ல கேபின் ஃபில்டரைப் பாருங்க. பல கார்கள்ல குளோவ் பாக்ஸுக்குப் பின்னால இருக்கும். தூசி அடைச்சா காத்து வராது, அதுக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்ல.

10/
"ஓடும்போது குளிருது, சிக்னல்ல நின்னா சூடாகுதா?"
அப்போ சந்தேகம் கண்டன்ஸர் ஃபேன் மேல. ஓடும்போது எதிர்க்காத்து கண்டன்ஸரை ஆத்திடும், நின்னா ஃபேன்தான் ஆத்தணும். கண்டன்ஸர்ல சேறும் பூச்சியும் அடைச்சிருந்தாலும் இதே மாதிரி ஆகும்.

"ஆரம்பத்துல குளிர்ந்து, போகப்போகக் காத்தே நின்னுடுதா?"
எவாப்ரேட்டர்ல ஐஸ் கட்டுதோன்னு பார்க்கணும்.

11/
"ஏசி போட்டதும் 'டக்'குன்னு ஒரு சத்தம் கேக்குதா?"
அது கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிற சத்தம். சில புது கார்கள்ல கிளட்ச்சே இருக்காது, அங்க இந்த டெஸ்ட் உதவாது. கிளட்ச் இருந்தும் சத்தம் வரலைன்னா ஃபியூஸ், ரிலேயில கோளாறு இருக்கலாம், இல்ல கேஸ் ரொம்பக் குறைஞ்சதால பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்தி வெச்சிருக்கலாம். என் கார்ல நிமிஷத்துக்குப் பல தடவை டக் டக்னு விட்டு விட்டுப் பிடிச்சுச்சு.

12/
அப்புறம்தான் கேஜை மாட்டினார். நீலம் குறைந்த அழுத்தம், சிவப்பு அதிக அழுத்தம். பிபியில ரெண்டு நம்பர் பார்க்கிற மாதிரி ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணுமாம். சிவப்பு மட்டும் எகிறினா கண்டன்ஸர் பக்கம் பிரச்சனையா இருக்கலாம். எனக்கு ரெண்டுமே கம்மி. கேஸ் கம்மிதான். முன்னாடி பார்த்தவங்க சொன்னது பொய் இல்ல, பாதியில நிறுத்திட்டாங்க.

13/
இருந்த கேஸை எடுத்துட்டு, நைட்ரஜன் ஏத்தி, ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்பு நுரை தடவினார். கம்ப்ரஸர் பக்கத்துல ஒரு ஹோஸ் ஜாயின்ட்ல பிசுபிசுன்னு எண்ணெய்க் கறை, அதுல தூசி. கேஸோட சேர்ந்து கம்ப்ரஸர் ஆயிலும் சுத்துறதால கேஸ் கசியுற இடத்துல ஆயிலும் கசியும். நுரை வெச்சதும் சின்னச் சின்னக் குமிழி. உள்ள இருந்த ஓ-ரிங் வெடிச்சிருந்துச்சு. சுண்டுவிரல் மோதிரம் அளவு ரப்பர்.

14/
அதை மாத்திட்டு அரைமணி நேரம் வேக்கம் போட்டார். குழாய்க்குள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் எடுக்கத்தான். வேக்கம் நிக்குதான்னு பார்த்துட்டு, பானட்டுக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருந்த கிராம் கணக்கைப் பார்த்து, தராசுல நிறுத்து கேஸ் ஏத்தினார். அதிகமாப் போட்டாலும் குளிர் குறையுமாம். முன்னாடி 21 டிகிரி காட்டின வென்ட்ல இப்போ 9. ஒரு வருஷமாகுது, இன்னும் கேஸ் போடல.

15/
அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. காரணம் கார் இல்ல. ஒரு நோயாளி ஞாபகத்துக்கு வந்துட்டார். (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஐம்பது வயசு தாண்டின கொத்தனார். "அசதியா இருக்கும்மா"ன்னு வந்தார். ஹீமோகுளோபின் 7.4. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தேன், 9.8க்கு ஏறுச்சு. நாலு மாசம் கழிச்சு மறுபடி 7.6. மறுபடி அதே மாத்திரை எழுதினேன். வரிசையில நூறு பேர் நின்னாங்க. அது காரணம்தான், நியாயம் இல்ல.

16/
மாதவிடாய் ரத்தப்போக்கு இல்லாத ஒருத்தருக்கு இரும்புச்சத்து குறைஞ்சா வயித்துக்குள்ள எங்கேயாவது கசியுதான்னு பார்க்கணும். எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். நான் கேஸ் மட்டும் போட்டு அனுப்பிட்டிருந்தேன்.

17/
காலையில சீட்டுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். "வெளிக்குக் கருப்பாப் போகுதா ஐயா?"
"சத்து மாத்திரை சாப்பிட்டா கருப்பாத்தான் போகும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."
"மாத்திரைக்கு முன்னாடி?"
கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அப்பவும் தார் மாதிரிதான்மா போச்சு."
முதுகுவலிக்கு மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரை. ஒரு வருஷமா தினமும், பாதி நாள் வெறும் வயித்துல.

18/
மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில எண்டோஸ்கோப்பி எடுத்தாங்க. இரைப்பையில புண், அதுல ரத்தக் கசிவு. புற்றுநோய் இல்ல. வலி மாத்திரையை நிறுத்தி, புண்ணுக்கு வைத்தியம் பண்ணி, அதுக்கப்புறம் இரும்புச்சத்து குடுத்தோம். இப்போ 12.1, அப்படியே நிக்குது. "லேட்டாக் கண்டுபிடிச்சதுக்கு மன்னிச்சிடுங்க"ன்னு அவர்கிட்ட நேராவே சொன்னேன். "விடுங்கம்மா, கண்டுபிடிச்சீங்கல்ல"ன்னார்.

19/
கடைசியா சில விஷயம். கேஸ் லைனை நீங்களே கழட்டாதீங்க, திரவமா இருக்கிற கேஸ் தோல்ல பட்டா உறைஞ்சு புண்ணாகும். வெயில்ல நிறுத்தின கார்ல முதல் ரெண்டு நிமிஷம் கண்ணாடியை இறக்கி அனலை வெளியேத்துங்க, அப்புறம் ரீசர்குலேஷன் போடுங்க. ஏசி சரியில்லாத கார்ல வயசானவங்களை உச்சி வெயில்ல கூட்டிட்டுப் போகாதீங்க. நிறுத்தின கார்ல குழந்தையை அஞ்சு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க.

20/
"கேஸ் கம்மி"ன்னு யாராவது சொன்னா, "எங்க போச்சு?"ன்னு கேளுங்க. "ரத்தம் கம்மி"ன்னு டாக்டர் சொன்னாலும் அதே கேள்வியைக் கேளுங்க. அந்த டாக்டர் நானா இருந்தாலும் சரி.