கார்ட்டூன் படம் கற்றுத் தந்த பாஷை

நம் வீடுகளில் ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. சித்திரம் அசைந்தால் அது குழந்தைகளுக்கு. மனிதர்கள் அழுதால் அது பெரியவர்களுக்கு. ஜப்பானியர்கள் இந்தச் சட்டத்தை ஒப்புக்கொள்வதில்லை. 'அனிமே' என்று அவர்கள் சொல்லும் சித்திரப் படங்களில் காதல் உண்டு, சமையல் உண்டு, யுத்தத்தில் அநாதைகளான குழந்தைகளின் துயரமும் உண்டு. பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

முப்பது வயதைத் தாண்டிய பிறகு நான் இந்தப் படங்களில் சிக்கிக்கொண்டதற்குக் காரணம், ஹயாவோ மியாசாகி 2001-ல் எடுத்த ஒரு படம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஸ்பிரிட்டட் அவே'. 2003-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. சிஹிரோ என்ற பத்து வயதுச் சிறுமி, தெய்வங்கள் நீராட வரும் ஒரு ஸ்நான மாளிகையில் அகப்பட்டுக்கொள்கிறாள். பிழைக்க வேண்டுமானால் அங்கே வேலை செய்தாக வேண்டும். மாளிகையின் எஜமானி ஒரு சூனியக்காரி. சிறுமி எழுதிக் கொடுத்த பெயரிலிருந்து எழுத்துக்களைக் கையால் வாரி எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறாள். இனிமேல் அவள் பெயர் 'சென்' என்று சொல்லிவிடுகிறாள்.

சிஹிரோவில் மிஞ்சினால் 'சி' மிஞ்சலாம், 'ரோ' மிஞ்சலாம். 'சென்' எங்கிருந்து வந்தது? படத்தின் கீழே ஓடிய ஆங்கில வரிகள் இதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஒரு சனிக்கிழமை ஜப்பானிய மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

"ஜப்பான் பாஷையா? அதைப் படிச்சு யாரோடு பேசப் போறே?" என்று கேட்டாள் பெரியம்மா.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் நாளே ஆசிரியை எச்சரித்தார். படத்துக் கதாநாயகன் தன்னை 'ஒரெ' என்பான். எதிராளியை 'ஒமாயெ' என்பான். அதை அப்படியே பெரியவர்களிடம் பேசுவது, மாமனாரை "டேய், நீ!" என்று கூப்பிடுவதற்குச் சமம். நீ, நீங்கள் என்ற பேதம் அறிந்த தமிழர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. நம்மைப் போலவே அவர்களுக்கும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'தபெதெ' என்றால் சாப்பிட்டு; 'மிரு' என்றால் பார்ப்பது. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார்ப்பது! கண்ணால் அல்ல, நாக்கால். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வைப்பது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதாடினார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன? அயல் வீட்டுக்காரி மாதிரி பழகலாமே!

எழுத்துத்தான் கஷ்டம். ஹிரகானா 46, கதகானா 46. அதைத் தாண்டினால் 'கஞ்சி'. காய்ச்சிக் குடிக்கும் கஞ்சியல்ல. சீனாவிலிருந்து வந்த எழுத்துக்கள். அன்றாட உபயோகத்துக்கென்று ஜப்பானிய அரசாங்கம் வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்புகள் வேறு.

'ஆயிரம்' என்ற எழுத்தை எழுதிப் பழகிய அன்று என் கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த எழுத்து தனியே நின்றால் 'சென்'. சிறுமியின் பெயரில் சேர்ந்தால் 'சி'. 'ஹிரோ' என்பது இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம். நம் மீனவர்கள் கடலின் ஆழத்தைப் 'பாகம்' என்று அளக்கிறார்களே, அதுதான். ஆக, சிஹிரோ என்றால் ஆயிரம் பாக ஆழம்! சூனியக்காரி ஆழத்தை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் விட்டுவைத்தாள். இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே அழைக்கப்பட்டு, சொந்தப் பெயரைக் காதால் கேட்டு நாளாகிவிட்ட சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஓரிடத்தில் கூடுவதும் உண்டு. டோக்கியோவில் 1975 டிசம்பரில் 'காமிகெட்' என்ற சந்தை முதன்முதலாகக் கூடியபோது வந்தவர்கள் சுமார் 700 பேர்; பெரும்பாலும் பள்ளி மாணவிகள். தாங்களே வரைந்த புத்தகங்களை விற்கவும் வாங்கவும் வந்தார்கள். இப்போது அது லட்சக்கணக்கானோர் கூடும் திருவிழா. சென்னையிலும் 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் 'காமிக் கான்' நடந்தது. நானும் போயிருந்தேன். அமெரிக்கச் சித்திரக் கதை வீரர்களுக்கு நடுவே, அனிமே பாத்திரங்களின் வேஷத்தில் எத்தனையோ பெண்கள்!

ஒரு தூணோரமாக ஓர் அம்மாள், ஊசியும் நூலுமாக மகளின் அங்கியைத் தைத்துக்கொண்டிருந்தார். "இதிலே என்னத்தைக் கண்டாளோ, தெரியலைங்க. வீட்டிலே வாயைத் திறக்க மாட்டா. இங்கே வந்ததிலிருந்து பேச்சு நிக்கலை" என்றார். தையல் முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து, "இத்தெகிமாசு!" என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு ஓடினாள்.

"என்ன சொல்றா?"

"போய் வருகிறேன் என்கிறாள். வீட்டை விட்டுப் புறப்படும்போது ஜப்பானில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் 'இத்தெராஷ்ஷை' என்பார்கள். போய் வா என்று அர்த்தம்."

"அட, நாம சொல்றதுதானே! இதைச் சொல்லிட்டுப் போகக் கூடாதாடின்னு தினம் திட்டுவேன்" என்றார் அம்மாள். பிறகு தமக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். மகள் தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தாள். மறுபடியும் சொல்லிக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை பின்னாலிருந்து பதில் போயிற்று.

"இத்தெராஷ்ஷை!"

பெண் சட்டென்று நின்று திரும்பினாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே!

யாரோடு பேசப் போகிறாய் என்று பெரியம்மா மறுபடி கேட்டால், இந்தக் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.