எமது பெட்டியும் அதை இழுக்கும் இயந்திரமும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக எனச் சங்கத்தார் கேட்டபோது, நாவலர் பெருமானைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியனுக்கு அதுவே பொருத்தம். ஆயினும், சென்ற பல மாதங்களாக எம் சிந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது ஓர் உழவு இயந்திரம். வேறெதையும் எழுதும் நிலையில் யாம் இல்லை. அன்றியும், அவ்விடயத்தில் எமக்குக் கைகொடுத்தது நம் கல்லூரியில் கற்ற ஒரு பாடமே ஆதலின், இம்மலரில் அதற்கு இடம் உண்டு எனத் துணிந்தோம்.

எமது இல்லம் இறக்குவானைக்கு மேலே தேயிலை மலையோரத்தில் உள்ளது. எம் தம்பிக்கும் எமக்கும் பொதுவாக ஓர் இரு சக்கர உழவு இயந்திரமும் அதற்கொரு பெட்டியும் உள. எம் பக்கத்தார் அதனை லேண்ட்மாஸ்டர் என்பர். முன்னொரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு பொறியின் பெயர் அது. அப்பொறி மறைந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எமது இயந்திரம் உழுத நாள்கள் சில. விறகும் உரமூட்டையும் சிறு தோட்டக்காரரின் கொழுந்தும் கலியாண வீட்டுக் கதிரைகளுமே அதன் சுமை. ஆடி மாதத்தில் மாத்திரம் பெட்டியின் கோலம் மாறும். நான்கு மூலையிலும் இரும்புக் குழாய் நாட்டி, மேலே தார்ப்பாய் கட்டி, கீழே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, பின்புறத்தில் அரிசியும் தேங்காயும் மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர்க் கலனும் அடுக்கிக் கதிர்காமம் புறப்படுவோம். மேனாட்டார் மோட்டார் காரின் பின்னே படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டையே கட்டி இழுத்துச் செல்வதைப் படங்களில் கண்டிருக்கிறோம். எமது பெட்டியும் அக்குலத்தைச் சேர்ந்ததே, ஏழைக் கிளை.

மாதம்பைச் சந்தியில் பெருவீதியை அடைந்து, கொடக்கவெலை, பல்லேபெத்தை, எம்பிலிப்பிட்டி, நோனாகமை, அம்பாந்தோட்டை, திஸ்ஸமகாராமை என நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பயணம். இரண்டு நாள் செல்லும். பொருள் ஏற்றும் பெட்டியில் ஆட்களை ஏற்றுதல் முறையன்று என்பதை அறியாதோமல்லோம். எட்டுப் பேருக்குப் பஸ் கட்டணம் எவ்வளவு என்பதையும் அறிவோம்.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றி நாடே நின்றபோது இப்பெட்டியின் அருமை எமக்கு விளங்கியது. ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபா. அதுவும் வரிசையில் நின்று பெற்றால்தான். பஸ்கள் ஓடவில்லை. பாடசாலைகள் மூடப்பட்டன. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட எம் இயந்திரமோ குடிப்பது கொஞ்சம். பிள்ளைப்பேற்று வலியெடுத்த ஒருத்தியை நள்ளிரவில் அப்பெட்டியில் வைத்தே தம்பி ஆஸ்பத்திரி சேர்த்தான். அப்பிள்ளை இப்போது எம் முற்றத்தில் ஓடி விளையாடுகிறது. இவ்வாறான ஒன்றை விற்பது எளிதன்று.

விற்க வேண்டும் என்ற பேச்சு 2025ஆம் ஆண்டு ஆடியில் எழுந்தது. வழக்கம்போல் புறப்பட்டோம். முதல் நாள் இரவு நல்ல மழை. அன்று கைபிடித்தவன் தம்பி அல்லன், அவன் மகன், பத்தொன்பது வயதினன். வீட்டிலிருந்து பெருவீதிக்கு இறங்கும் தோட்டப் பாதையில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு உண்டு. அவ்விடத்தில் பெட்டி இயந்திரத்தை நெட்டித் தள்ளியது. பையன் இடக்கைப் பிடியை அழுத்தினான். இயந்திரமோ வலப்பக்கம் திரும்பிற்று. கானைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் சென்று சரிந்தது. செடிகள் தாங்கியிராவிடின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. அம்மாவின் வலக்கை மணிக்கட்டு முறிந்தது, ஏனையோருக்குச் சிராய்ப்பே. அந்த ஆண்டு கதிர்காமம் போகவில்லை.

கட்டுப்போட்ட கையுடன் அம்மா படுத்திருந்த அன்றிரவே தம்பி பேச்சை எடுத்தான். "அண்ணே, இந்தச் சின்ன மெசினை வச்சிக்கிட்டு இனிச் சரிவராது. நாலு சக்கரம் ஒன்னு எடுப்போம்." எம்பிலிப்பிட்டிப் பக்கத்தில் பழைய மாசி பேர்குசன் 135 ஒன்று விலைக்கு இருந்தது. 1964இல் முதன்முதல் வெளிவந்த அவ்வகை இன்றும் நம் நாட்டில் ஓடுகிறது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதன் பின்னர் பழையவற்றுக்கும் ஏறிய விலை, 2025இல் கதவு திறந்த பின்னும் எமக்கு எட்டுமாறு இறங்கவில்லை. கேட்ட விலை எமது இரண்டரை ஆண்டுச் சம்பளம். எம் மனைவியின் நகையும், மூத்த மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கிய பணமும் சேர்ந்தால் பாதிக்கு மேல் வரும். மீதிக்குக் கடன். தம்பி பிடிவாதக்காரன், அன்றியும் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தன் மகன் கையால் தாயின் கை முறிந்ததை அவன் இயந்திரத்தின் மேல் ஏற்றிவிட விரும்பினான். யாமும் அவ்வாறே விரும்பினோம்.

அந்நாள்களில் ஒருநாள், நம் கல்லூரிப் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் வரைந்த சாய்தளம் நினைவுக்கு வந்தது. பின்வாங்கில் இருந்து யாம் வெண்பா இயற்றிக்கொண்டிருந்தபோது, "தம்பி, இந்தக் கட்டை உன் தலையில் உருண்டால் வெண்பா தாங்குமா?" என்று கேட்டவர் அவர். (வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் உள்ளது.) பென்சிலும் தாளும் எடுத்தோம். எமது பெட்டி, எட்டுப் பேர், சாமான், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஓராயிரம் கிலோ. வளைவுக்கு அருகே பாதை ஆறடிக்கு ஓரடி தாழ்கிறது. கயிறும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு யாமே அளந்தோம். அப்படியாயின் பெட்டி கீழ்நோக்கித் தள்ளும் விசை ஆயிரத்தில் ஆறிலொன்று; நூற்றறுபது கிலோவுக்கும் மேல். ஏறும்போதும் அதே விசைதான் பின்னே இழுக்கிறது. ஆனால் ஏறும்போது இயந்திரம் தோற்றால் நிற்கும். இறங்கும்போது தோற்றால் நில்லாது. இத்தனை ஆண்டுகளாக யாம் "இழுக்குமா, இழுக்குமா" என்றே கேட்டு வந்தோம். "பிடிக்குமா" என்று கேட்டதில்லை.

திருப்பும் பிடியின் சூட்சுமமும் அப்போதுதான் தெளிந்தது. இவ்வகை இயந்திரத்தில் இடப்பிடியை அழுத்தினால் இடச்சக்கரத்துக்கு எஞ்சினின் தொடர்பு அறும். சமதரையில் வலச்சக்கரம் மாத்திரம் ஓட, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திலோ எஞ்சின் சக்கரங்களைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தொடர்பு அறுந்த இடச்சக்கரம் கட்டவிழ்ந்து முன்னே ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இடம் வேண்டின் வலத்தை அழுத்த வேண்டும். தம்பி இதனைக் கையால் அறிவான். வாயால் சொல்லத் தெரியாது. ஆகவே மகனுக்குச் சொல்லவில்லை. தேரோட்டியை வலவன் என்று வகுப்பில் பொருள் கூறுகிறோமே, அச்சொல்லுக்குள் எத்துணைப் பயிற்சி அடங்கியிருக்கும் என எண்ணிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் சக்கரங்களைக் கழற்றினோம். ஓட்டுபவன் காலால் மிதிக்கும் பிறேக் பெட்டியில்தான் உள்ளது. ஒரு பக்கத்து லைனிங் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மறுபக்கத்தில் கிறீஸ் கசிந்து வழுக்கிற்று. கடைசியாக எப்போது மாற்றியது என்று தம்பியைக் கேட்டோம். அவன் வானத்தைப் பார்த்தான்.

ஆயினும் அவன் விட்டானில்லை. பேர்குசன் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரம். பெட்டி அதனைச் சுலபமாகத் தள்ளிவிடாது என்றான். உண்மையே. பெரிய இயந்திரம் வாங்கினால் பெரிய பெட்டியும் வாங்குவோம், எட்டுப் பேர் பதினாறு பேர் ஆவர், அப்போது கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்றோம். அன்றியும் அவ்வளைவில் பெரிய இயந்திரமும் பெட்டியும் ஒரே மூச்சில் திரும்பா என்பதைக் கயிறு காட்டியது. மலைக்கு ஏற்ற அளவு பற்றி அவனுக்கு ரயில் பாதையை உதாரணம் காட்டினோம். இரத்தினபுரிக்கு 1912இலும் ஓப்பநாயக்கைக்கு 1919இலும் வந்தது இரண்டடி ஆறங்குல அகலமுள்ள சிறு பாதையே. ஆங்கிலேயர் செலவையும் மலையையும் கணக்கிட்டுச் சிறிய வண்டியைத் தேர்ந்தனர் என்றோம். "அதுதான் எழுபத்தாறுலயே மூடிட்டாங்களே அண்ணே" என்றான். பதில் எம்மிடம் இல்லை.

முடிவு கூறியவர் அம்மா. எம் கணக்குத் தாளை ஏறெடுத்தும் பாராமல், "எனக்கு மெசின் பெருசா சிறுசான்னு தெரியாது. எறங்குறப்ப நான் நடந்து வாறேன்" என்றார். அம்மாவின் தந்தையார் மாட்டு வண்டி ஓட்டியவர். இறக்கம் வந்தால் ஆட்களை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டே இறக்குவாராம். அதை யாம் நூறு முறை கேட்டிருக்கிறோம், கதையாகத்தான் கேட்டோம்.

பேர்குசன் வாங்கப்படவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் புதிய லைனிங், புதிய கிறீஸ் வளையம், மிதிக்கும் கட்டைக்குப் புதிய கம்பி. செலவானது மகளின் பணத்தில் சிறு பங்கு. அதனையும் தம்பி தானே தருவதாகக் கூறித் தந்துவிட்டான். தோட்டப் பாதையில் இனி எவரும் பெட்டியில் இருந்து இறங்குவதில்லை. பெருவீதிக்கு நடந்து சென்ற பின்னரே ஏறுவது. பெருவீதியிலும் செங்குத்தான இடங்களில் அவ்வாறே. கதிர்காமத்துக்கு அரை நாள் கூடுதலாகும்.

பையன்தான் எமக்குக் கவலையாயிருந்தான். விபத்தின் பின் அவன் அவ்வியந்திரத்தைத் தொடவில்லை. அம்மாவின் அறைக்குள்ளும் அதிகம் வரவில்லை. சென்ற மாதம் ஒரு காலை, பாதை காய்ந்திருந்தபோது, தம்பி வெறும் பெட்டியைக் கொளுவி அவனை அழைத்தான். யாம் பின்னால் நடந்தோம். அம்மா திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு வந்தது. தம்பி வாய் திறக்கவில்லை. பையன் காலை மிதியில் வைத்து, சற்றுத் தயங்கி, வலக்கைப் பிடியை அழுத்தினான். வண்டி இடப்பக்கம் திரும்பிற்று.