வாராக்கடன் என்றொரு பெயர்

வடக்குப்பட்டில் நாங்கள் மூவர் ஒரே வாடகை வீட்டில் வசித்துவந்தோம். மூவரும் பொறியியல் பட்டதாரிகள், ஒரகடம் ஆலைகளில் ஒப்பந்த ஊழியர்கள். (2022இல் இதே ஊரில்தான் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, பல்லாயிரம் ஆண்டு பழமையான கற்கருவிகளை எடுத்தார்கள். இரவுப்பணி முடித்து உறங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.) எங்களில் ஒருவனுடைய கல்விக்கடன் பற்றியது இக்குறிப்பு. கடன் அவனுடையது, கணக்கு மூவரும் சேர்ந்து போட்டது.

2012 முதல் நான்காண்டுகள், ஆண்டுக்கு 80,000 ரூபாய் வீதம் பெற்ற 3,20,000 ரூபாய், தவணை தொடங்கிய 2017இல் வட்டியோடு சுமார் 4,60,000 ஆகியிருந்தது. ஏழாண்டுகளில் அடைக்க மாதம் 8,200 வேண்டும். அன்று அவனுக்குச் சம்பளம் 11,500. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. வருமானச் சான்றிதழைக் கொடுங்கள் என்று அவன் வீட்டாரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் வாராக்கடன். அதற்குப்பின் கையில் கிடைத்ததை இரண்டாயிரம், மூவாயிரம் என்று கட்டுவதால் அந்தப் பெயர் நீங்குவதில்லை. அசலும் வட்டியுமாக நிலுவை முழுவதும் தீர்ந்தால்தான் கணக்கு சீரானதாகும் என்று ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் மீண்டும் தெளிவுபடுத்தியது. அவன் மூன்றாண்டுகள் அப்படிச் சில்லறையாகக் கட்டிக்கொண்டிருந்தவன்.

ஊரில் பலர் அதுவும் கட்டவில்லை. தள்ளுபடி வரும் என்று காத்திருந்தார்கள். 2021 தேர்தலில் அப்படியொரு வாக்குறுதியும் இருந்தது. கேரள அரசு 2017இலேயே நான்கு லட்சம் வரையிலான வாராக்கல்விக்கடனில் 60 சதவீதத்தைத் தானே ஏற்க முன்வந்தது. முழுத்தள்ளுபடியைவிட அதுவே நேர்மையான யோசனை என்பது எங்கள் எண்ணம். காத்திருப்பதன் இன்னொரு முகத்தை 2016இல் மதுரையில் கண்டோம். வங்கி விற்றுவிட்ட கடனை வசூலிக்க வந்தவர்கள் நெருக்கியதாகச் செய்திகள் கூறின. இளம் பொறியியல் பட்டதாரி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2022இல் அவனுடைய தங்கைக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடன் கேட்டுப் போனபோது மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, “அப்பா பேரும் இதுல இருக்கே, தம்பி” என்றார். பிணையில்லாக் கல்விக்கடனில் பெற்றோரும் கூட்டுக் கடன்தாரர். மகன் தவறினால் தகப்பனின் சிபில் அறிக்கையும் கறைபடும். வாழ்நாளில் கைமாற்றுக்கூட வாங்கியிராத மனிதர் அவர்.

மேலாளர் இரு வழிகள் சொன்னார். மக்கள் நீதிமன்றத்தில் 2,60,000 ரூபாயை ஒரே தவணையாகச் செலுத்திக் கடனை முடித்துக்கொள்ளலாம். அல்லது நிலுவை 1,40,000 ரூபாயைக் கட்டிவிட்டு, மாதத்தவணையைத் தொடரலாம். முதலாவது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சலுகைத் தொகையில் முடித்த கடன், அறிக்கையில் ‘முடிந்தது’ என்று பதிவாவதில்லை. ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். அடுத்துக் கடன் தருபவர் அதைக் கண்டு தயங்குவார். தங்கைக்கு வேண்டியது அந்தச் சொல் இல்லாத அறிக்கை.

எனவே நிலுவையைக் கட்டுவதென்று முடிவாயிற்று. எங்கள் இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டில் அறுபதாயிரம் தள்ளி எடுத்தோம். கைக்கு வந்தது சரியாக 1,40,000. கட்டிய அன்றே, கணக்கு சீரானது என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். வாய்மொழியை நம்பியிருந்தால் என்னாகியிருக்குமோ! இரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கொருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்தோம். ‘ஸ்டாண்டர்டு’ என்றிருந்தது. தவறிய மாதங்களின் எண்கள் மட்டும் கீழே வரிசையாக நின்றன. அந்த வரிசையில் 36 மாதங்கள்தாம் தெரியும். பழையவை ஒவ்வொன்றாக நகர்ந்து மறைய வேண்டும்.

தங்கைக்கு இரண்டாமாண்டிலிருந்து கடன் கிடைத்தது. முதலாண்டுக் கட்டணத்துக்கு அடகுபோன அம்மாவின் வளையல்கள் இன்னும் மீளவில்லை. சீட்டுத்தவணையை 2024 வரை மூவருமாகக் கட்டினோம்.