கருப்பனும் கால்சியம் டானிக்கும்

ஜமுனாமரத்தூர்ல அம்மாவுக்குத் துணையா இருக்கட்டுமேன்னு போன வருசம் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினேன். பேரு கருப்பன். (கலரு பிரவுன். பேரு வச்சது அம்மா, ஒண்ணும் கேக்காதீங்க :-))

அஞ்சாவது மாசம் ஒரு நாள் காலைல முன்னங்கால் நொண்டினான். ரெண்டு நாள்ல சரியாச்சு. அடுத்த வாரம் பின்னங்கால். பக்கத்து வீட்டுப் பெரியவர், "மலையில இதெல்லாம் சகஜம் சார், விடுங்க"ன்னார். அவர் வீட்டு நாட்டு நாய் மிஞ்சின களியும் சாமைச் சோறும் தின்னுட்டு பாறைக்குப் பாறை தாவுது. நம்மாளுக்கோ பாக்கெட் தீனி, முட்டை, போதாததுக்கு தினம் ரெண்டு ஸ்பூன் கால்சியம் டானிக். நொண்டறதப் பாத்து அதை மூணு ஸ்பூனாக்கினேன். ராத்திரி முனகறான்னு என் தலைவலி மாத்திரையில பாதியை உடைச்சேன். அம்மா கையைத் தட்டி விட்டாங்க.

மறுநாள் மலையிறங்கி போளூர் போனோம். டாக்டர் கால் எலும்பை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்தார். ஒரு இடத்துல கருப்பன் வீல்னு கத்தினான். உண்ணிக் காய்ச்சல்லயும் நொண்டும்னு ரத்தமும் எடுத்தார், அது இல்லை. எக்ஸ்ரேல தெரிஞ்சது வளர்ற வயசுல வர்ற எலும்பு வலி. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அஞ்சு மாசத்துலேர்ந்து ஒண்ணரை வயசு வரைக்கும் கால் மாத்தி கால் வரும், தானா போயிடும்.

அப்புறம்தான் டானிக் கதையைச் சொன்னேன். மனுசன் தலையில கை வச்சுட்டார். சின்னக் குட்டிக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாதாம். உடம்புல ஏத்திக்கும், எலும்பும் மூட்டும் கோணலா வளரும். குட்டித் தீனியிலயே அளவா இருக்கு. வெறும் சோறும் கறியும் போடறவங்களுக்குத்தான் அது பத்தாது, அதையும் டாக்டர் சொல்ற அளவுலதான் குடுக்கணும். அந்தத் தலைவலி மாத்திரை? ஈரல், வயிறு, கிட்னின்னு போயிருக்கும்னார். எனக்கு வேர்த்துருச்சு.

தீனியையும் குறைக்கச் சொன்னார். கை வச்சா விலா எலும்பு தட்டுப்படணுமாம். 2002ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, 48 லேப்ரடார்கள்ல பாதிக்கு 25 சதவீதம் கம்மியா சாப்பாடு போட்டுப் பாத்தாங்க. அதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூடவே வாழ்ந்துச்சு, இடுப்பு மூட்டுத் தேய்மானமும் லேட்டாத்தான் வந்துச்சு.

வழுக்கற டைல்ஸ் மேல சாக்கு விரிச்சோம். படி ஏறவும் குதிக்கவும் தடா. காலை ஊனவே முடியலை, வீங்குது, காய்ச்சல்னா மட்டும் காத்திருக்காம ஓடி வரச் சொன்னார்.

இப்ப எட்டு மாசம். நொண்டல் வந்து ஆறு வாரம் ஆச்சு. பாதி டானிக் மிச்சம் இருந்துச்சு, அம்மா முருங்கைக்கு ஊத்திட்டாங்க.